தலைகீழ்த் தெரு

"ஆள் இருக்கு."

"ஆள் இருக்குன்னு எனக்கும் தெரியும். ஆள் உள்ளே என்ன பண்ணுதுன்னுதான் கேக்குறேன்."

"வர்றேன்."

"இதையேதான் அப்பவும் சொன்னே."

குளியலறைக் கதவுக்கு வெளியே தோளில் துண்டோடு நின்றவர் அவளுடைய கணவர். உள்ளே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. சுவரில் தெருவைப் பார்த்து இருந்த காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து அடைத்திருந்தாள். அட்டையின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடி லென்ஸ். அதன் வழியாக உள்ளே வந்த தெரு, எதிரே கதவின் உட்புறத்து வெள்ளைப் பெயிண்ட்டில் தலைகீழாக விழுந்திருந்தது.

மேலே தார்ச்சாலை, கீழே வானம். ஜனங்கள் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு நடந்தார்கள். எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் ஷட்டரை மேலே தள்ளினால் அது கீழே இறங்கியது. யாரோ ஒருத்தி மஞ்சள் குடையோடு போனாள். அந்த மஞ்சளை அவள் நேரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், இப்படிப் பார்த்ததில்லை. ஆனால் நடுவில்தான் எல்லாம் துல்லியம். குடைக்காரி ஓரத்துக்குப் போனதும் தண்ணீரில் கரைந்த மாதிரி மங்கிப்போனாள். அது ஏன் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வாளியில் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

"இருட்டுல எதுக்கு உக்காந்திருக்கே? லைட் போட மறந்துட்டியா?"

அந்த வீட்டில் குளியலறை விளக்கின் சுவிட்ச் வெளியே இருந்தது. கணவர் நல்ல மனதோடு அதைத் தட்டினார். தெரு போய்விட்டது. கதவு வெறும் கதவானது, அதில் பல் துலக்கிய நுரை தெறித்துக் காய்ந்த புள்ளிகள்.

"அணைங்க."

"வழுக்கி விழுந்து வைப்பே."

"அணைங்கன்னு சொல்றேன்ல."

"ரொம்ப முடியலையா?" கணவரின் குரல் இறங்கியது. "அக்காவைக் கூப்பிடட்டுமா?"

அவள் அட்டையை எடுத்துத் துணி ஊறவைக்கும் தொட்டிக்குப் பின்னால் சொருகினாள். லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வெறும் தரையில் ஒரு குவளைத் தண்ணீரைச் சத்தத்துக்காக ஊற்றிவிட்டுத் தாழைத் திறந்தாள்.

கணவர் பேருந்து நிலையத்தில் நேரம் பார்த்து வண்டி அனுப்புகிறவர். வீட்டிலும் அதே வேலைதான். யார் எத்தனை மணிக்குக் குளித்தார்கள், யார் தாமதம், எல்லாம் அவர் தலைக்குள் ஓடும். அவள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை செய்கிறாள். தேய்த்து வரும் லென்ஸைக் கருவியில் வைத்து, பவர் சரியா என்று படித்து, நடுவில் மையால் ஒரு புள்ளி வைப்பது அவள் பொறுப்பு. அதனால் அங்கே அவளுக்குப் பவரக்கா என்று பெயர். வீட்டுக்குள் அந்தப் பெயர் நுழைந்ததில்லை.

பவரக்கா குளியலறைக்குள் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு அதுதான். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது படுக்கையறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். அன்றைக்கே கணவர் திருப்புளியை எடுத்து எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். குளியலறையை மட்டும் மானத்துக்காக விட்டுவைத்தார். மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். தாழ்ப்பாள்கள் திரும்பி வரவில்லை.

"சொல்லிட்டுச் செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் செய்தாள். கண்ணாடி துடைக்கிற துணியில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை வைத்துக் குருவிகள் தைத்தாள். ஒன்றின் வால் நீளம், இன்னொன்று ஒருக்களித்துப் பார்க்கும். அடுத்ததற்கு எப்படிக் கழுத்து வைப்பது என்று யோசித்துக்கொண்டே வேலைக்குப் போவாள், அந்த யோசனையிலேயே பேருந்தில் நின்றுகொண்டு போவதும் சுகமாக இருக்கும்.

"அம்மா, செம அழகா இருக்கு," என்று மகள் படம் எடுத்துப் போட்டாள்.

"எவ்வளவுக்குப் போகும்?" என்றார் கணவர்.

யாரோ தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமென்று ஒரே மாதிரி குருவியாகக் கேட்டார்கள். மகள் சரியென்று சொல்லிவிட்டாள். பவரக்கா தைக்க, நாத்தனார் கண் ஒட்ட, கணவர் உறையில் போட, வீடே பட்டறையானது. முடிந்த அன்று அவள் ஊசியைப் பெட்டிக்குள் போட்டு மூடியவள்தான். ஏன் தைப்பதில்லை என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஆர்டர் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

ஆகவே இந்தத் தடவை மூச்சு விடவில்லை.

தொடங்கியது பட்டறையில். லென்ஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மேசைமேல் டியூப் லைட் குட்டியாக வந்து விழும். வருடக்கணக்கில் அதை வெறும் வெளிச்சம் என்று நினைத்திருந்தாள். ஒரு நாள் பார்த்தால், டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் மின்விசிறியும் விழுந்து சுற்றிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் தேய்ப்பு மெஷினில் இருக்கும் அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, கழிவு டப்பாவுல ப்ளஸ் பவர் லென்ஸ் ஒண்ணு கிடக்குதா?"

"யாருக்கு?"

"குளியலறைக்கு."

தேய்ப்பண்ணன் மெஷினை நிறுத்தினார். "குளியலறைக்குக் கிட்டப்பார்வையா, தூரப்பார்வையா?"

"கேலி பண்ணாதீங்க. ஓரத்துல கீறல் இருந்தாலும் பரவாயில்ல."

"முதலாளியைக் கேட்டுக்கோ. நான் பார்க்கல." டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

முதலாளி கழிவுதானே என்று தலையாட்டிவிட்டார். உலகத்தில் விஷயம் தெரிந்த ஆள் தேய்ப்பண்ணன் ஒருவர்தான்.

மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

முடிவெடுத்தவர் நாத்தனார், கணவரின் அக்கா. பிள்ளைகள் தூரத்தில் வேலைக்குப் போய்விட, தம்பி வீட்டோடு வந்து இருக்கிறார். அவருக்கு வீட்டில் வைத்தியர் என்று பெயர், முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. எந்த மனிதரையும் ஏதாவது ஒரு வியாதியாகத்தான் நினைவு வைத்திருப்பார். "அந்த மூட்டுவலிக்காரர் வீட்டுக்கு அடுத்த வீடு" என்பார்.

"அஞ்சு மணிக்கு உள்ளே போறா. இருட்டினப்புறம்தான் வெளியே வர்றா," என்றார் வைத்தியர் சாப்பாட்டு மேசையில். பவரக்கா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "தினமும். இது சாதாரண வயிறு இல்ல."

"அண்ணி, எனக்கு வயித்துல ஒண்ணும் இல்ல."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. எங்க மாமா ஒருத்தர் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னாரு."

"அவர் விழுந்து செத்தாரு அக்கா," என்றார் கணவர்.

"ஏன் விழுந்தாரு? அதைக் கேட்டியா?"

மறுநாளிலிருந்து பவரக்காவின் தட்டில் காரமில்லை, எண்ணெயில்லை. டிபன் டப்பாவைத் திறந்தால் கஞ்சி. தேய்ப்பண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த பவர்?" என்றார். சாயங்காலம் தெருவில் மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்தே கூப்பிட்டார். "அக்கா, இப்போ தேவலையா? நேத்து உங்க நாத்தனார் வாங்கிட்டுப் போன பொடி கேட்டுச்சா?" பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தார்கள். எதற்கு இந்தச் சித்திரவதை, சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மேசைமேல் உறையில் போட்டு மிஞ்சிய ஒரு குருவி கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

அன்று வாளியில் உட்கார்ந்தபோது கொடியில் கிடந்த துவாலை நழுவி லென்ஸின் பாதியை மறைத்துக்கொண்டு தொங்கியது. படத்தில் பாதி காணாமல் போயிருக்கும் என்று நினைத்தாள். போகவில்லை. தெரு முழுதாக இருந்தது, கொஞ்சம் இருட்டாக. இருட்டாக இருந்தாலும் முன்னைவிடத் துல்லியமாக. கடைப்பலகையின் எழுத்துக்கூடத் தெரிந்தது, தலைகீழாக.

அப்படியானால் ஓட்டையைச் சின்னதாக்கினால் ஓரமும் தெளியுமா?

"உள்ளேயே தூங்கிட்டியா?" என்று கதவு தட்டப்பட்டது. தட்டியது வைத்தியர். "கிளம்பு. டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு."

அட்டையைக் கழற்றி ஒளித்துவைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. லென்ஸோடு அது துவாரத்திலேயே நின்றுவிட்டது. இருட்டு மூலையில் மேலே இருப்பதை யார் நிமிர்ந்து பார்க்கப் போகிறார்கள்.

டாக்டர் அறைக்குள் நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்று எழுதிப் போட்டிருந்தது. கணவரும் வந்தார், வைத்தியரும் வந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?" என்று டாக்டர் பவரக்காவைக் கேட்டார்.

"ஒரே தடவைதான் டாக்டர்," என்றார் கணவர். "ஆனா போனா வர்றதில்லை."

"வலி இருக்கா?"

"இருக்கும். சொல்ல மாட்டா," என்றார் வைத்தியர்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பேனாவை மூடினார். "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. மனசுதான் இறுகிப் போயிருக்கு. வேலை, வீடு, வேலை, வீடுன்னு ஓடுறீங்க. உங்களுக்குன்னு தினமும் கொஞ்ச நேரம் வெச்சுக்கணும். பிடிச்சதை ஏதாவது செய்யுங்க. புதுசா ஒண்ணைத் தெரிஞ்சுக்கங்க. பல் தேய்க்கிற மாதிரி அதுவும் உடம்புக்கு வேணும்."

"சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா டாக்டர்?" என்றார் வைத்தியர்.

பவரக்கா டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தானய்யா செய்துகொண்டிருந்தேன், பாதியில் பிடுங்கிக்கொண்டு வந்து உன் முன்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். சொன்னால் எங்கே செய்தாய் என்று கேட்பார். குளியலறையில் என்றால், இன்னொரு டாக்டரிடம் அனுப்புவார்.

வீட்டில் வேலை உடனே தொடங்கியது. இவ்வளவு அக்கறையான குடும்பம் யாருக்கும் வாய்க்காது, அதுதான் தொல்லை. கணவர் வீடு திரும்பும் வழியிலேயே கலர் பென்சில் டப்பா வாங்கினார். மகள் அம்மாவின் ஃபோனில் ஏதோ ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். அது அவ்வப்போது மணியடித்து, "இன்று உங்களுக்காக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டது. லென்ஸுக்குப் புள்ளி வைக்கும்போது கேட்டது, பேருந்துப் படியில் தொங்கும்போது கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே வைத்தியர் ஒரு வகுப்பு கண்டுபிடித்தார். மருந்துக்கடைக்கு மாடியில், மனசு லேசாகப் படம் வரையும் வகுப்பு. தினமும் ஐந்தரைக்கு.

"அண்ணி, அஞ்சரை வேணாம். வேற நேரம் இருக்கா பாருங்க."

"ஏன், அஞ்சரைக்கு உனக்கு என்ன வேலை?"

பவரக்கா கலர் பென்சில் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள்.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கிளியைக் கொடுத்தார்கள். கிளி கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. கட்டத்துக்குள் எண். எண்ணுக்கு ஒரு நிறம். வைத்தியர் துணைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் தானும் ஒரு கிளியை வாங்கிக்கொண்டார்.

"டீச்சர், இந்த நீலத்துல கொஞ்சம் மஞ்சளைக் கலந்தா என்ன ஆகும்?" என்று பவரக்கா கேட்டாள்.

"கலக்கிறது அடுத்த மாசம்மா. இப்போ மனசைக் காலியா வெச்சுக்கிட்டு எண்ணை மட்டும் பாருங்க."

"சும்மா கலந்து பார்க்கட்டுமா?"

"இறக்கை முடியலையே இன்னும்."

"அவ இப்படித்தான் டீச்சர், ஒண்ணை உருப்படியா முடிக்க மாட்டா," என்றார் வைத்தியர், தன் கிளியின் மூக்கில் சிவப்பைப் பூசிக்கொண்டே. "வீட்டுல ஒரு பெட்டி நிறையத் துணி அப்படியே கிடக்கு."

பவரக்கா சன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. குளியலறைத் துவாரம் கறுப்பாக, அதன் நடுவில் லென்ஸ் ஒரு மீன்கண் மாதிரி மின்னியது. சாயங்கால வெயில் அவள் இருந்த கட்டடத்தின் மேல் முழுசாக அடித்துக்கொண்டிருந்தது. இந்நேரம் கதவில் இந்தச் சன்னல் விழுந்திருக்கும். சன்னலுக்குள் ஒரு பொம்பளை தலைகீழாக உட்கார்ந்து கிளிக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பாள், அதைப் பார்க்க வாளியில் ஆள் இல்லை. மழைக்காலம் வந்துவிட்டால் இந்த வெயிலும் போய்விடும்.

பென்சிலை அழுத்தியதில் முனை முறிந்தது.

"பார்த்தீங்களா, இறுக்கம்," என்றார் வைத்தியர் டீச்சரிடம்.

மறுநாள் பட்டறையில் பவரக்கா மதிய இடைவேளையில் ஓர் அட்டையை எடுத்து நடுவில் ஊசி ஆணியால் குத்தி, பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாள்.

"சின்னதா போச்சே," என்றார் தேய்ப்பண்ணன்.

"சின்னதாதான் வேணும். லென்ஸுக்கு முன்னால இதை வெச்சா ஓரம் தெளியுதான்னு பார்க்கணும்."

"தெளிஞ்சா?"

"தெளிஞ்சா ஏன் தெளிஞ்சதுன்னு பார்க்கணும்."

"அதுக்கப்புறம்?"

"நீங்களுமா அண்ணே?"

தேய்ப்பண்ணன் கையைத் தூக்கிவிட்டார். "நான் ஒண்ணும் கேக்கல. படம் விழற வேலையெல்லாம் லென்ஸோடது. ஓட்டைக்கு என்ன இருக்குன்னு யோசிச்சேன், அவ்வளவுதான்."

பவரக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பட்டறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். கையில் லென்ஸோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு எல்லாம் லென்ஸ் செய்யும் வேலை. அட்டையைப் பையில் வைத்துக்கொண்டாள். இன்று வகுப்புக்குப் போவதில்லை. தலைவலி என்று சொல்லிவிடலாம், வைத்தியர் அதற்கும் ஒரு பொடி தருவார், விழுங்கித் தொலைக்கலாம். வெயில் இருக்கும்போது உள்ளே போய்த் தாழ்போட வேண்டும். அது போதும்.

வீட்டு வாசலில் யாருடைய செருப்போ கிடந்தது. உள்ளே குளியலறைக் கதவு விரியத் திறந்திருந்தது. ஏணிமேல் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். கீழே ஒரு துளைபோடும் மெஷின், ஒரு புத்தம்புது ஃபேன். துவாரத்தில் அட்டை இல்லை.

"வந்துட்டியா," என்றார் கணவர், உற்சாகமாக. "காரணத்தைக் கண்டுபிடிச்சாச்சு. எவனோ அட்டையை வெச்சு அடைச்சிருக்கான். காத்தே இல்ல. காத்தில்லாத இடத்துல தினமும் அவ்வளவு நேரம் உக்காந்தா மனசு இறுகாம என்ன செய்யும்? அதான் ஒரு ஃபேன் வெச்சிடலாம்னு."

"அந்த அட்டை எங்கே?"

"குப்பையில. உங்க பட்டறைக் கண்ணாடி வேற ஒண்ணு அதுல ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"கண்ணாடி எங்கே?"

"அங்க, சோப்பு வெக்கிற இடத்துல. எதுக்கு முகம் இப்படி ஆவுது?"

"அண்ணே, இறங்குங்க," என்றாள் பவரக்கா எலக்ட்ரீஷியனிடம்.

"நாலு ஸ்க்ரூதான்மா பாக்கி."

"இறங்குங்க. ஃபேன் வேணாம்."

வைத்தியர் அறையிலிருந்து வந்தார். மகளும் ஃபோனோடு வந்து நின்றாள். எலக்ட்ரீஷியன் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் ஏணியின் நடுப்படிக்கு இறங்கி அங்கேயே நின்றார்.

"அந்த எவன் நான்தான்," என்றாள் பவரக்கா. "நான்தான் அடைச்சேன். வயிறும் இல்ல, இறுக்கமும் இல்ல. அது வழியா தெரு உள்ளே வந்து விழுது. அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"தெருவைப் பார்க்க வாசல் இருக்கே," என்றார் கணவர்.

"தலைகீழா விழுது."

"நேரா இருக்கிறதைத் தலைகீழா பார்த்து என்ன ஆகப் போகுது?"

"தெரியல. தெரியலன்னுதான் பார்க்கிறேன்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் வைத்தியர். "நான் பாட்டுக்குக் கஞ்சி காய்ச்சிட்டிருந்தேன்."

"அம்மா, இது செமயா இருக்கும் போலிருக்கே," என்றாள் மகள். "நான் வீடியோ எடுக்கிறேன். நீ எப்படிப் பண்றேன்னு ஒவ்வொண்ணா சொல்லு."

"எடுக்காதே."

"ஏன்மா?"

"நாளைக்கு எவளாவது கல்யாணத்துக்கு வேணும்னு கேப்பா."

மகள் ஃபோனைக் கீழே இறக்கினாள். ஏதோ சொல்ல வந்தவள், மேசைமேல் இருந்த குருவியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் இருமினார். "ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா சார் முடிவு பண்ணிடுவாரு. எனக்கு இன்னொரு வீட்டுக்குப் போகணும்."

குப்பைக்கூடையிலிருந்து பழைய அட்டையை எடுத்தாள். மடங்கிப் போயிருந்தது. நீவி, லென்ஸைச் சொருகி, ஏணியில் ஏறித் துவாரத்தில் அமுக்கினாள். கணவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். "கதவைப் பாருங்க. வாளி மேல உக்காந்துக்கங்க. இருட்டு பழகுற வரைக்கும் பொறுமையா இருங்க."

உள்ளே வாளி நகர்ந்தது. பிறகு, "ஒண்ணும் தெரியல." பிறகு தாழ்போடும் சத்தம்.

"என்னங்க, தெரியுதா?"

"இரு."

"பார்த்தாச்சுன்னா வாங்க. வெயில் போயிடும். நான் ஒண்ணு போட்டுப் பார்க்கணும்."

"இருன்னு சொல்றேன்ல. ஆறாம் நம்பர் வண்டி இப்பத்தான் போவுது. தலைகீழா போனாலும் லேட்டாத்தான் போவுது."

"அட்டை ஒண்ணு மாத்தணும். ஒரே நிமிஷம்."

"ஆள் இருக்குன்னு தெரியுதில்ல?"

பவரக்கா சுவிட்சைப் பார்த்தாள். கை அதன் பக்கம் போனது. விளக்கைத் தட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் உள்ளே அவர், "அடடா, குடை," என்றார் தனக்குத்தானே. கையை இழுத்துக்கொண்டாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். இருந்தது ஒரே ஒரு தாழ்ப்பாள், அதையும் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டுவிட்டார். இனி தினமும் துண்டோடு வெளியே நிற்கப் போவது யார் என்று புரிந்துவிட்டது.

"அடுத்தது நான் பார்க்கிறேன்," என்றார் வைத்தியர், அவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு.

"ஃபேனை எங்கம்மா மாட்டட்டும்?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். "திருப்பி எடுத்துட்டுப் போனா கடையில வாங்க மாட்டாங்க."

பவரக்கா அவர் கையிலிருந்த மெஷினைப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் பக்கத்தில் இருந்த சாமான் அறையைப் பார்த்தாள். உடைந்த நாற்காலி, பழைய மெத்தை, மகளின் மூன்று சக்கர வண்டி எல்லாம் அடைந்து கிடக்கும் இடம். தெருப்பக்கம் ஒரு சின்ன சன்னல் இருந்தது. சாரல் அடிக்கிறதென்று கணவர் அதன்மேல் பலகை அடித்து மூடியிருந்தார். அதற்குள் எப்போதும் கும்மிருட்டு.

"ஃபேன் அடுக்களையில. அதை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றாள். "முதல்ல இங்க வாங்க. இந்தப் பலகையில ஒரு ஓட்டை போடணும்."

"எவ்வளவு பெரிசா?"

"உங்ககிட்ட இருக்கிறதுலேயே சின்னது எதுவோ அது. பென்சில் நுழைஞ்சா போதும்."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"கேக்காதீங்க அண்ணே."

மெஷின் அலறியது. பக்கத்துச் சுவருக்கு அப்பாலிருந்து கணவர், "அங்க என்ன சத்தம்? எதைத் துளைக்கிறீங்க?" என்றார்.

"நீங்க வராதீங்க. நல்லா பாருங்க," என்றாள் பவரக்கா.

மரத்தூள் பறந்தது. ஒரு கோடு வெளிச்சம் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் நின்றது. எலக்ட்ரீஷியன் மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். லென்ஸ் கணவரிடம் இருக்கிறது, அதை வாங்கி வந்து ஓட்டையில் வைக்கும்வரை இங்கே ஒன்றும் விழாது என்று நினைத்தபடி அவள் கதவைச் சாத்தினாள். இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மெத்தையை இழுத்துப் போட்டு, முதுகைக் கதவில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் தனியாக இருந்தால் போதும் என்றிருந்தது.

இருட்டு பழகியது. எதிர்ச்சுவரின் சுண்ணாம்பில் ஏதோ அசைந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மங்கல்தான், மிக மங்கல். ஆனால் தெரு. மருந்துக்கடை, அதற்கு மேல்மாடி, மாடியில் வகுப்பின் சன்னல், எல்லாம் தலைகீழாக, அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரைக்கும் ஒரே மாதிரி. நடுவில் ஒரு தெளிவு, ஓரத்தில் ஒரு தெளிவு என்று பேதமே இல்லை. ஒருத்தர் சைக்கிளில் வந்தார். ஓரத்துக்குப் போனார். கரையவில்லை.

"கண்ணாடியே போடலையே," என்றாள், வாய்விட்டு. இத்தனை நாளும் எல்லாப் புகழையும் லென்ஸுக்குக் கொடுத்திருந்தாள். ஓட்டைதான் கொண்டுவந்து போடுகிறது. அப்படியானால் லென்ஸ் என்ன செய்கிறது? வெளிச்சத்தைக் கூட்டுகிறதா? ஓட்டையை இன்னும் சின்னதாக்கினால்? சதுரமாகப் போட்டால்? பையிலிருந்த அட்டையைத் தடவி எடுத்தாள்.

முதுகில் கதவு முட்டியது.

"அஞ்சரை ஆகப் போகுது, வகுப்புக்குக் கிளம்பலையா?" வைத்தியரின் குரல். கதவு இன்னொரு தடவை முட்டியது, இந்த முறை பலமாக. "உள்ளேதானே இருக்கே? அவன் அங்க வெளியே வர மாட்டேங்கிறான், நீ இங்க என்ன பண்றே?"

பவரக்கா கால்களைத் தரையில் ஊன்றி, முதுகை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"ஆள் இருக்கு," என்றாள்.